வேர்ட் கோப்பு புத்தகப் பக்கமாகும் வழி: ஒட்டுவதா, பிளேஸ் செய்வதா, இணைத்து வைப்பதா?

எழுத்தாளரிடமிருந்து ஒரு வேர்ட் கோப்பு வருகிறது. டெம்மி 1/8 அளவில் 240 பக்கம் ஆகும் என்று கணக்கு. பதினாறு பக்க பாரமாக (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கத் தொகுதி) 15 பாரம். அடிக்குறிப்புகள் நூறு, படங்கள் நாற்பது, அட்டவணைகள் நான்கைந்து. இதைப் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனுக்குள் கொண்டுவர ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் எந்த வழியைப் பிடித்தோம் என்பது இரண்டாம் மெய்ப்பு வரும்போதுதான் தெரியும்.

தீர்ப்பை முன்னாலேயே சொல்லிவிடலாம். உரைக்கும் படத்துக்கும் விதி நேர் எதிர். உரை உள்ளே வந்ததும் மூலக் கோப்போடு உறவை அறுத்துக்கொள்ள வேண்டும். படம் கடைசிவரை மூலக் கோப்போடு இணைப்பிலேயே இருக்க வேண்டும். காரணம் எளியது: மெய்ப்புத் திருத்தம் எல்லாம் பக்கத்தின் மேல்தான் நடக்கிறது, படத் திருத்தம் எல்லாம் போட்டோஷாப்பில் நடக்கிறது. எது எங்கே திருத்தப்படுகிறதோ அதுவே அதன் மூலம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

உரை எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது?

மற்ற எதையும் முடிவு செய்யும் முன் இதைப் பாருங்கள். வேர்டில் ஒரு பத்தியைத் தேர்ந்து எழுத்துருவை நிர்மலா யுஐ என மாற்றுங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் யூனிகோடு. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக மாறினால் பழைய எழுத்துருக் குறியாக்கம், அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த முறை. இலங்கையிலிருந்தும் புலம்பெயர்ந்தோரிடமிருந்தும் வருவது பெரும்பாலும் பாமினியாக இருக்கும். தமிழ்நாட்டில் வானவில், செந்தமிழ், ஸ்ரீலிபி, அல்லது 1999இல் தமிழக அரசு அறிவித்த டாம், டாப் குறியாக்கங்கள்.

பழைய குறியாக்கத்திலேயே வைத்து வடிவமைக்கலாமா? முடியும். மாற்றும் வேலை மிச்சம், கைவசம் உள்ள தலைப்பு எழுத்துருக்கள் எல்லாம் பயன்படும், பழைய வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரிலும் ஓடும். ஆனால் மென்பொருளின் கண்ணுக்கு அது ஆங்கிலம். மொழி ஆங்கிலம் என்று இருந்தால் ஆங்கில விதிப்படி சொல்லை உடைக்கும். எழுத்து ஒரு வரியிலும் அதன் புள்ளி அடுத்த வரியிலும் விழும். எழுத்துப் பலகத்தில் மொழியை ‘நோ லேங்குவேஜ்’ என்று மாற்றினால் இது நிற்கும். பிடிஎஃப்பில் தேட முடியாது, மின்நூல் ஆக்க முடியாது, பெயரகராதியை அகர வரிசைப்படுத்த முடியாது என்பவை அப்படியே இருக்கும். மறுபதிப்பே வராத, அச்சோடு முடிகிற மலர் ஒன்றுக்கு இது போதும். புத்தகத்துக்குப் போதாது.

மாற்றுவதென்றால், வேர்டில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள், பக்கத்தில் வைத்த பிறகு அல்ல. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் இந்த வேலையைச் செய்கின்றன. இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, வெறும் உரையாக மாற்றும்போது கருவி எழுத்துருவைப் பார்ப்பதில்லை. நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழாக நினைத்து உளறலாக்கும். அதனால் வேர்டின் தேடல் பெட்டியில் எழுத்துருவை வைத்துத் தேடி, ஆங்கிலப் பகுதிகளுக்கு முன்னதாகவே நிறம் பூசி வையுங்கள். மாற்றிய பின் அவற்றை மட்டும் மூலத்திலிருந்து மீட்கலாம். இரண்டு, வேர்டின் தானியங்கித் திருத்தம். பாமினியில் ‘த’ ஒரு விசையின் சிறிய எழுத்து, ‘து’ அதே விசையின் பெரிய எழுத்து. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் வசதி தட்டச்சின்போது திறந்திருந்தால், முற்றுப்புள்ளிக்கு அடுத்து வரும் ‘தமிழ்’ எல்லாம் ‘துமிழ்’ ஆகியிருக்கும். மாற்றுக் கருவி மேல் பழி போட்டுப் பயனில்லை; பிழை மூலத்திலேயே இருக்கிறது.

யூனிகோடாக வந்த உரையும் முழுத் தூய்மை என்று நம்ப வேண்டாம். ‘ஔவை’ என்பதை ஒகரமும் ளகரமுமாக ‘ஒளவை’ என்று அடித்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, தேடினால் அகப்படாது, அகர வரிசையில் இடம் மாறும். கௌரவம், மௌனம் எல்லாவற்றிலும் இதே சிக்கல். இவற்றைத் தேடி மாற்றுவது பத்து நிமிட வேலை, ஆனால் ‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தானை அழுத்தாதீர்கள். ‘ஒளவை’ போன்ற முழுச் சொற்களாகத் தேடுங்கள். ‘ஒள’ என்று மட்டும் தேடினால் ‘ஒளவை’யோடு ‘ஒளடதம்’ கிடைக்கும், கூடவே ‘ஒளிந்தான்’, ‘ஒளி’யும் வந்து மாட்டும்.

எந்த மென்பொருள்?

இதை நீட்ட வேண்டியதில்லை. பேஜ்மேக்கர் 7.0 வெளியானது 2001இல், அதுவே கடைசி. அதற்கு யூனிகோடு தெரியாது. அச்சகத்தில் பேஜ்மேக்கர்தான் இருக்கிறது என்பது இன்று ஒரு காரணம் ஆகாது, எழுத்துரு பொதிந்த பிடிஎஃப் கொடுத்தால் அவர்கள் எதைத் திறந்தாலும் ஒன்றுதான். இன்டிசைனில் சிஎஸ்6 முதல் தமிழ் உட்பட பத்து இந்திய மொழிகளுக்கு ஆதரவு இருக்கிறது. ஸ்கிரைபஸ் இலவசம், 1.4 வரிசையில் தமிழ் உடைந்து வரும், 1.6இல் எழுத்துச் சேர்க்கை ஒழுங்காக அமைகிறது. கவிதைத் தொகுப்பு, சிறு வெளியீடு என்றால் ஸ்கிரைபஸ் தாராளமாகப் போதும். அடிக்குறிப்பு நிறைந்த வேர்ட் கோப்பை வாங்கிக்கொள்வதில் இன்டிசைன் எங்கோ முன்னால் நிற்கிறது. அஃபினிட்டி பப்ளிஷர் 2 நல்ல மென்பொருள்தான், தமிழ் உயிர்மெய்ச் சேர்க்கை அதற்கு வராது என்பதால் நமக்கு ஆகாது.

இன்டிசைனிலும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. பத்தி ஸ்டைலின் (பெயரிட்டுச் சேமித்த வடிவ அமைப்பு) ‘ஜஸ்டிஃபிகேஷன்’ பகுதியில், வரிகளை அமைக்கும் கம்போசர் ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எல்லா ஸ்டைல்களையும் ஒரு தாய் ஸ்டைலின் அடியில் வைத்து, அதில் ஒரே ஒரு முறை இதை அமைத்தால் பிறகு தொல்லை இல்லை.

உரைக்கு மூன்று வழிகள்

முதல் வழி, நகலெடுத்து ஒட்டுவது. இன்டிசைனின் ‘கிளிப்போர்டு ஹேண்ட்லிங்’ விருப்பத்தில் இயல்பாக இருப்பது ‘டெக்ஸ்ட் ஒன்லி’. அதில் சாய்வெழுத்து, தடித்த எழுத்து எல்லாம் போய்விடும், அடிக்குறிப்பு அடிக்குறிப்பாக வராது. ‘ஆல் இன்ஃபர்மேஷன்’ என்று மாற்றினால் வேர்டின் ஸ்டைல் குப்பை முழுவதும் கூடவே வரும், எதை வேண்டும் எதை வேண்டாம் என்று கேட்கவும் கேட்காது. பின்னட்டைக் குறிப்பு, ஒரு பக்க அணிந்துரை, மின்னஞ்சலில் வந்த ஒரு பத்தித் திருத்தம், இவற்றுக்கு ‘டெக்ஸ்ட் ஒன்லி’யாக ஒட்டுவதே வேகமானது. நூலின் உடலுக்கு வேண்டாம்.

இரண்டாவது, பிளேஸ், அதாவது கோப்பை முழுதாக இன்டிசைனுக்குள் இறக்குவது. கன்ட்ரோல் + டி அழுத்தி, ‘ஷோ இம்போர்ட் ஆப்ஷன்ஸ்’ கட்டத்தில் குறியிட்டு, கோப்பைத் திறங்கள். அந்தக் கட்டத்தை மறந்தால் போன முறை வைத்த அமைப்பே ஓசையில்லாமல் வந்து உட்காரும். திறக்கும் பெட்டியில்தான் பாதி வேலை முடிகிறது.

அடிக்குறிப்பு, இறுதிக்குறிப்பு இரண்டையும் சேருங்கள். வேர்டின் பொருளடக்கத்தை விடுங்கள், அது செத்த உரையாகத்தான் வரும். பக்க முறிவுக்கு ‘நோ பிரேக்ஸ்’. ‘இம்போர்ட் இன்லைன் கிராஃபிக்ஸ்’ குறியை எடுத்துவிடுங்கள், ஏன் என்று படங்கள் பகுதியில் வருகிறது. ‘இம்போர்ட் அன்யூஸ்டு ஸ்டைல்ஸ்’ குறியையும் எடுங்கள்.

அடுத்து உண்மையான முடிவு: வடிவத்தை அகற்றுவதா, காப்பதா? எழுத்தாளர் வேர்டில் ‘ஹெட்டிங் 1’, ‘ஹெட்டிங் 2’ என்று ஸ்டைல் போட்டிருந்தால் காப்பதே மேல். ‘கஸ்டமைஸ் ஸ்டைல் இம்போர்ட்’ வழியாக ‘ஹெட்டிங் 1’ஐ உங்கள் ‘இயல் தலைப்பு’க்கும், ‘நார்மல்’ஐ ‘உடல் பத்தி’க்கும் பொருத்திவிட்டால், உரை வந்து இறங்கும்போதே பாதி புத்தகமாக இறங்கும். பொருத்தியதை ஒரு பிரிசெட்டாகச் சேமித்தால் அதே பதிப்பகத்தின் அடுத்த நூலுக்கும் உதவும். பொருத்தாமல் விட்ட ஸ்டைல்கள் பலகத்தில் சிறு வட்டுச் சின்னத்தோடு தெரியும். அவற்றை அழிக்கும்போது எதை அதற்குப் பதிலாக வைப்பது என்று கேட்கும், அங்கே பொருத்திக்கொள்ளலாம்.

நடைமுறையில் அப்படிப்பட்ட கோப்பு பத்தில் ஒன்று வந்தால் அதிர்ஷ்டம். தலைப்பை நடுவில் நிறுத்த இடைவெளிப் பட்டையைத் தட்டி, தடித்த எழுத்தாக்கி, நாலு என்டர் போட்டு அனுப்புவார்கள். அதற்கு ‘ரிமூவ் ஸ்டைல்ஸ் அண்ட் ஃபார்மேட்டிங்’, கூடவே ‘பிரிசர்வ் லோக்கல் ஓவர்ரைட்ஸ்’. இதில் பத்தியின் நடுவே உள்ள சாய்வும் தடிப்பும் தப்பும். ஆனால் ஒரு பத்தி முழுவதும் தடிப்பாக இருந்தால் அது தப்பாது. கையால் தடித்தாக்கிய துணைத்தலைப்புகள் எல்லாம் உடல் உரையோடு கலந்து காணாமல் போகும். ஆகவே பிளேஸ் செய்யும் முன் வேர்டிலேயே தடித்த தனிப் பத்திகளைத் தேடி ஒரு தலைப்பு ஸ்டைல் போட்டு, பிறகு முதல் வழக்கத்தையே, அதாவது காத்துப் பொருத்துவதையே, கைக்கொள்வது நல்லது. 240 பக்கத்துக்கு அரை மணி நேரம். மெய்ப்புத் திருத்துநர் துணைத்தலைப்புகளைத் தேடிப் பிடிப்பதைவிட மலிவு.

சாய்வெழுத்தில் தமிழுக்கே உரிய ஒரு வில்லங்கம். வேர்ட் எந்த எழுத்துருவையும் போலியாகச் சாய்த்துக் காட்டும். இன்டிசைன் அப்படிச் செய்யாது. லதா எழுத்துருவுக்குத் தடித்த வடிவம் உண்டு, சாய்ந்த வடிவம் இல்லை. அதனால் வேர்டில் சாய்ந்திருந்த நூல் பெயர்கள் இன்டிசைனில் எழுத்துரு இல்லை என்ற இளஞ்சிவப்புப் பட்டையோடு வரும். பயந்து பட்டையை உடனே நீக்கிவிடாதீர்கள், சாய்வு எங்கே இருந்தது என்பதற்கு அதுதான் ஒரே அடையாளம். தேடி மாற்றும் பெட்டியில் சாய்ந்த வடிவைத் தேடி, ‘நூல் பெயர்’ என்ற எழுத்து ஸ்டைலாக மாற்றுங்கள். அந்த ஸ்டைலில் 10 டிகிரி சாய்வு கொடுப்பதா, வேறு எழுத்துரு வைப்பதா என்பதைப் பிறகு நிதானமாக முடிவு செய்யலாம். விண்டோஸ் 10 முதல் லதா தானாகவே வருவதில்லை, தனியே சேர்க்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். எழுத்துரு இல்லாததற்குக் காரணம் சாய்வா, லதாவே இல்லையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுட்டியில் உரை ஏறியதும் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு முதல் பக்கத்தில் சொடுக்கினால், தேவையான பக்கங்களைத் தானே சேர்த்துக்கொண்டு கடைசிவரை ஓடும். பிறகு தேடி மாற்றும் பெட்டியில் தயாராக இருக்கும் இரண்டு கட்டளைகள்: பல இடைவெளியை ஒன்றாக்குவது, பல என்டரை ஒன்றாக்குவது. கண்ணுக்குத் தெரியாத குறிகளை எல்லாம் ஒரேயடியாகத் துடைக்கும் ஆசை வரும். ‘லக்‌ஷ்மி’ என்பதில் புள்ளி தெரிய வேண்டும் என்று இடையில் வைத்த இணைப்பு நீக்கிக் குறியும் அதில் போய், ‘லக்ஷ்மி’ ஆகிவிடும். எது வேண்டும் என்று எழுத்தாளரைக் கேளுங்கள்.

வெறும் உரைக் கோப்பாக வந்தால் ஒரே எச்சரிக்கை: நோட்பேடில் யூடிஎஃப்-8 ஆகச் சேமித்திருக்க வேண்டும். ஆன்சி என்று சேமித்திருந்தால் தமிழெழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகியிருக்கும், எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

மூன்றாவது வழி, உரையை இணைப்பாக வைப்பது. ‘ஃபைல் ஹேண்ட்லிங்’ விருப்பத்தில் ‘கிரியேட் லிங்க்ஸ் வென் பிளேசிங் டெக்ஸ்ட்’ என்று ஒரு குறி இருக்கிறது, இயல்பாக அணைந்திருக்கும். கேட்பதற்கு அழகான வசதி: எழுத்தாளர் வேர்டில் திருத்துவார், நாம் ஒரு சொடுக்கில் புதுப்பிப்போம். புதுப்பிக்கும் கணத்தில் இன்டிசைனில் செய்த திருத்தங்கள் அத்தனையும் அழிந்து கோப்பு மறுபடி முதலிலிருந்து இறங்கும் என்பதுதான் விலை. ஒரே ஒரு புள்ளியைப் பக்கத்தில் திருத்திய பிறகு இந்த வழி மூடிவிட்டது என்று கொள்ளுங்கள். எழுத்தாளர் இரண்டாவது கோப்பு அனுப்பினால் என்ன செய்வது என்பதற்குத் தொழில்நுட்பத் தீர்வைவிட ஒப்பந்தமே நல்லது: முதல் மெய்ப்புக்குப் பிறகு திருத்தங்கள் பிடிஎஃப்பின் மேல் குறிப்பாக மட்டும் வர வேண்டும்.

எக்செல் அட்டவணை இதற்கு விதிவிலக்கு. ஆண்டறிக்கை போல எண்கள் கடைசி நாள்வரை மாறும் வேலையில் இணைப்பு பயன்படும். பிளேஸ் செய்யும்போது ‘ஃபார்மேட்டட் ஒன்லி ஒன்ஸ்’ என்பதைத் தேர்ந்தால், புதுப்பிக்கும்போது எக்செலில் செய்த வடிவ மாற்றங்களைக் கண்டுகொள்ளாது.

படங்கள்

வேர்டுக்குள் படங்களை ஒட்டி அனுப்புவது எழுத்தாளர்களின் பிறப்புரிமை. வேர்ட் சேமிக்கும்போது படத்தைச் சுருக்கிவிடும்; அமைப்பு மாற்றப்படவில்லை என்றால் 220 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை பிக்சல்) அளவுக்கு. அந்தப் படங்களை உரையோடு உள்ளே விட்டால் பெயரில்லாமல், வரிக்குள் சிக்கி, கோப்புக்குள் பொதிந்து வரும். அசல் கேளுங்கள். கிடைக்கவே கிடைக்காது என்றால், வேர்ட் கோப்பின் நகலை எடுத்து அதன் பின்னொட்டை ஜிப் என மாற்றித் திறந்தால், உள்ளே ‘வேர்ட்’ கோப்புறையின் ‘மீடியா’வில் படங்கள் தனித்தனியாக இருக்கும். திரையிலிருந்து நகலெடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

போட்டோஷாப்பிலிருந்து நகலெடுத்து நேரே பக்கத்தில் ஒட்டினால் படம் தெரியும், ஆனால் அதற்கு மூலக் கோப்பு கிடையாது. பிறகு கொஞ்சம் வெளிச்சம் கூட்ட வேண்டும் என்றால் எதைத் திறப்பீர்கள்? பிளேஸ் செய்தால் லிங்க்ஸ் பலகத்தில் பெயரோடு நிற்கும். போட்டோஷாப்பில் திருத்திச் சேமித்ததும் மஞ்சள் முக்கோணம் வரும், சொடுக்கினால் புதியது ஏறும்.

இணைப்பா, பொதிவா என்பதற்குக் கணக்கே பதில் சொல்லும். டெம்மி பக்கம் 5.5 × 8.5 அங்குலம். 300 பிபிஐயில் 1650 × 2550 பிக்சல். நான்கு வண்ண டிஃப் என்றால் சுருக்காமல் ஏறக்குறைய 17 எம்பி. நாற்பது முழுப்பக்கப் படங்களைப் பொதித்தால் இன்டிசைன் கோப்பு 670 எம்பியைத் தாண்டும், ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அந்தச் சுமை. சாம்பல் நிறப் படமானால் அதில் கால் பங்கு. உள்பக்கங்கள் ஒற்றை நிற அச்சு என்றால் படங்களை முன்னதாகவே சாம்பல் நிறமாக்கி, மாறுபாட்டைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்வதே முறை. வண்ணப் படத்தை அப்படியே விட்டு, பிடிஎஃப் எடுக்கும்போது மாறட்டும் என்றிருந்தால், சிவப்புப் புடவையும் பச்சைச் செடியும் ஒரே சாம்பலாகிப் போகும். பொதிக்கத் தக்கவை பதிப்பக இலச்சினை, இயல் முடிவுச் சிறு ஓவியம் போன்ற, நூல்தோறும் மாறாதவை மட்டும்.

லிங்க்ஸ் பலகத்தில் ‘ஆக்சுவல் பிபிஐ’, ‘எஃபெக்டிவ் பிபிஐ’ என்று இரண்டு எண்கள் உண்டு. பார்க்க வேண்டியது இரண்டாவதை. 300 பிபிஐ படத்தை 200 சதவீதம் பெரிதாக்கினால் அது 150. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் நீளப் பக்கத்தில் சுமார் 1600 பிக்சல் இருக்கும். 4.25 அங்குல உரை அகலத்தில் கிடைமட்டமாக வைத்தால் 376 பிபிஐ, எண்ணிக்கையில் குறையில்லை. முழுப்பக்க உயரத்துக்கு நிமிர்த்தினால் 188. எண் போதும் என்றாலும் சுருக்கத்தில் வந்த கட்டங்கட்டமான கறை வானத்திலும் முகத்திலும் தெரியும். அதே வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொன்னால் அசல் வந்துவிடும். 300 என்பது 150 கோடு திரைக்கான (அச்சில் படத்தைப் புள்ளிகளாக்கும் திரை, அங்குலத்துக்கு 150 வரிசை) கணக்கு. 100 கோடு திரையில் அச்சாகும் நாளிதழ்த் தாளுக்கு 200 போதும். கோட்டோவியம், கல்வெட்டுப் படி, கையெழுத்து ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவற்றை 1200 பிபிஐயில், ஒற்றை பிட் டிஃப்பாக ஸ்கேன் செய்யுங்கள். சாம்பல் நிறத்தில் 300இல் எடுத்தால் கோட்டின் ஓரம் புள்ளி புள்ளியாகச் சிதறும்.

வடிவங்களில் அதிகம் யோசிக்க வேண்டாம். ஒளிப்படத்துக்கு டிஃப் அல்லது பிஎஸ்டி. ஜேபெக்காக வந்ததை ஜேபெக்காகவே வைக்கலாம், ஆனால் மறுபடி மறுபடி திருத்திச் சேமிக்கக் கூடாது. பிஎன்ஜிக்கு நான்கு வண்ணம் தெரியாது. விளக்கப்படம், வரைபடம் என்றால் பிடிஎஃப் அல்லது ஏஐ. எக்செலின் வரைபடத்தை ஒட்டுவதற்குப் பதிலாகப் பிடிஎஃப்பாக்கிப் பிளேஸ் செய்தால் கோடு கோடாகவே இருக்கும். அதில் ஒரு பொறி: திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில் உள்ள கறுப்பு எழுத்து நான்கு வண்ணமாகப் பிரியும், அச்சில் பிளேட் இம்மி நகர்ந்தாலும் எழுத்து நிழலாடும். வரைபடத்துக்குள் தமிழ் சிறிய அளவில் இருந்தால் அதை இல்லஸ்ட்ரேட்டரில் திறந்து கறுப்பை மட்டும் 100 ஆக்குங்கள்.

படம் உரையோடு ஓட வேண்டுமா, பக்கத்தில் நிலையாக நிற்க வேண்டுமா? ஒரு குறிப்பிட்ட பத்தியைச் சேர்ந்த சிறு படத்தை அந்தப் பத்தியில் நங்கூரமிட்டால், மேலே இரண்டு வரி வெட்டப்பட்டாலும் கூடவே நகரும். முழுப்பக்கப் படத்தை நங்கூரமிடாதீர்கள், ஒரு வரி கூடினால் அடுத்த பக்கம் தாண்டி வெள்ளைப் பக்கம் விழும்.

கோப்பு அமைப்பு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். படங்களைப் பென்டிரைவிலிருந்து நேரே பிளேஸ் செய்யாதீர்கள். பென்டிரைவைக் கழற்றியதும் இணைப்புகள் சிவப்புக் கேள்விக்குறி ஆகும். நூலின் கோப்புறைக்குள் ஒரு படக் கோப்புறை, அதில் இயல் எண்ணும் பட எண்ணுமாக ஆங்கில எழுத்தில் பெயர். தமிழில் வைத்த பெயர்கள் சில ஜிப் கருவிகளில் சிதைந்து, அச்சகத்தில் திறக்கும்போது இணைப்பு அறுந்து கிடக்கும். முடிவில் ஃபைல் மெனுவின் ‘பேக்கேஜ்’ கட்டளை எழுத்துருக்களையும் இணைப்புகளையும் ஒரே கோப்புறையில் சேர்த்துக் கொடுக்கும். அதை வேறொரு கணினியில் ஒருமுறை திறந்து, லிங்க்ஸ் பலகம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு பிடிஎஃப் எடுங்கள்.